பழைய டெஸ்க்டாப்: எந்தப் பாகத்தை மாற்றலாம், எதோடு நிறுத்திக்கொள்ளலாம்

டெஸ்க்டாப் மக்கர் செய்ய ஆரம்பித்ததுமே "இதைச் சரி பண்ண எவ்வளவு ஆகும்" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். நிஜமாகவே போயிருப்பது எந்தப் பாகம்? இன்றைக்குக் காசு கொடுத்து வாங்கும் பாகம் நாளைக்கு வேறு கம்ப்யூட்டர் வாங்கினால் அதற்கும் கூட வருமா, இல்லை இந்தப் பெட்டியோடு சேர்ந்து குப்பைக்குப் போகுமா? முதலாவது தெரியாமல் பாகம் வாங்குவது காசைக் கரியாக்கும் வேலை. இரண்டாவது தெரிந்துவிட்டால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும்.

டெஸ்க்டாப்பில் உள்ள சௌகரியமே ஒவ்வொரு பாகத்தையும் தனியாகக் கழற்றி மாட்டலாம் என்பதுதான். அந்தச் சௌகரியமே ஆளை இழுத்தும் விடுகிறது. முதலில் ரேம், அப்புறம் எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் கொடுக்கும் டப்பா), அதுவும் சரிப்படவில்லை என்று மதர்போர்டு (எல்லாப் பாகமும் வந்து சேரும் பெரிய பலகை, சுருக்கமாகப் போர்டு), இப்படி ஒவ்வொன்றாகப் போய்க் கடைசியில் கூட்டிப் பார்த்தால் புது கம்ப்யூட்டரின் விலையைப் பழைய கம்ப்யூட்டருக்குள் கொட்டியிருப்போம்.

எதைத் தொடுவதற்கு முன்னாலும் கோப்புகளை வேறு டிஸ்கில் நகல் எடுத்துவிடுங்கள். கம்ப்யூட்டர் கிளம்பவே இல்லையென்றால் டிஸ்கைக் கழற்றி, யுஎஸ்பி அடாப்டர் வழியாக வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி எடுக்கலாம். ஹார்ட் டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போடுகிறது என்றால் அதன் மேல் ஸ்கேன், ரிப்பேர் என்று எதையும் ஓட்டாதீர்கள். உயிர் போகும் டிஸ்கை மணிக்கணக்கில் சுழல வைத்தால் மிச்சம் இருப்பதும் போய்விடும். முக்கியமான ஃபோல்டரை முதலில், மற்றதைப் பிறகு.

போனது எது என்று கண்டுபிடிப்பது

செலவில்லாதவற்றிலிருந்து ஆரம்பிக்கலாம். தூசி, தளர்ந்த கேபிள், ஸ்லாட்டில் சரியாக உட்காராத ரேம், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட் (பிராசசரின் சூட்டைக் கடத்தும் பசை), தீர்ந்துபோன பயாஸ் பேட்டரி (பயாஸ் என்பது கம்ப்யூட்டரைக் கிளப்பும், போர்டிலேயே இருக்கும் நிரல்). "போர்டு போய்விட்டது" என்று சொல்லப்படும் கம்ப்யூட்டர்களில் கணிசமானவை இந்த ஐந்தில் ஒன்றால் நின்றவைதான். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பல வருடம் பின்னால் போகிறது, பிரவுசரைத் திறந்தால் எல்லாத் தளமும் சான்றிதழ் சரியில்லை என்கிறது, பயாஸில் மாற்றிய அமைப்பு நிற்கவே மாட்டேன் என்கிறது. இதெல்லாம் சேர்ந்து வந்தால் சிஆர் 2032 என்ற அந்த வட்டப் பேட்டரி தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். நல்ல பேட்டரி 3 வோல்ட் காட்டும். இதற்காக ஒருவர் புது கம்ப்யூட்டர் வாங்குவது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

அடுத்தது ரேம். நீலத் திரை வருகிறது, அதுவும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு காரணம் சொல்கிறது என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ ஆன் செய்திருந்தால் முதலில் அதை அணைத்துவிட்டுப் பாருங்கள். அது ரேமை அதன் அடிப்படை வேகத்துக்கு மேல் ஓட்டுகிற வசதி, சில போர்டுகளுக்கு அது ஒத்துக்கொள்ளாது. அணைத்தபின் பிரச்சினை நின்றால் ரேம் நன்றாகத்தான் இருக்கிறது.

அப்படியும் நிற்கவில்லையா, கம்ப்யூட்டரை அணைத்து மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை இறக்கிவிடுங்கள். ஒரே ஒரு ரேமை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கழற்றுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகளில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட்தான் முதலில் போட வேண்டியது, போர்டின் கையேட்டில் இருக்கும். மெம்டெஸ்ட் 86 என்ற ரேம் சோதனை நிரலை ஒரு பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து கிளப்பி முழுச் சுற்றும் ஓட விடுங்கள். நேரமாகும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். இங்கே ஒரு பிழை வந்தாலும் பிழைதான், "ஆயிரத்தில் ஒன்று பரவாயில்லை" என்ற பேச்சே கிடையாது. பிழை வந்த அதே ரேமை வேறு ஸ்லாட்டில் போட்டு மறுபடி ஓட்டுங்கள். பிழை ரேமோடு கூடவே வந்தால் ரேம் போயிருக்கிறது. எந்த ரேமைப் போட்டாலும் அந்த ஸ்லாட்டில் மட்டும் பிழை என்றால் விஷயம் போர்டில் இருக்கிறது, சில சமயம் பிராசசரில். இந்த இடமாற்றும் வேலையைச் செய்யாமல் புது ரேம் வாங்கியவர்கள்தான் அதையும் போட்டுவிட்டு "இன்னும் அப்படியேதான் இருக்கு" என்று உட்கார்ந்திருப்பார்கள்.

டிஸ்க் தன் உடம்பு நிலையைத் தானே எழுதி வைத்துக்கொள்ளும், ஸ்மார்ட் என்று பெயர். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மாதிரி ஒரு இலவச நிரலைத் திறந்தால் தெரியும். ஹார்ட் டிஸ்காக இருந்தால் மூன்று வரிசையைப் பாருங்கள்: 5, 197, 198. கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட பகுதிகள், சந்தேகத்தில் இருக்கும் பகுதிகள், படிக்கவே முடியாதவை. அந்த நிரலில் எண்கள் பதினாறடிமானத்தில் இருக்கும், வரிசை எண்ணே 05, சி5, சி6 என்றுதான் தெரியும், பார்த்துக் குழம்ப வேண்டாம். இவை சுழியத்தைத் தாண்டி வாரா வாரம் ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்கை நம்பக்கூடாது. 199 வேறு கதை. அது டிஸ்குக்கும் போர்டுக்கும் நடுவில் தகவல் சிதைந்த கணக்கு, அனேகமாக இரண்டையும் இணைக்கும் சாட்டா கேபிளின் கோளாறு. கேபிளை மாற்றுங்கள். பழைய எண்ணிக்கை குறையாது, மேலே ஏறாமல் நின்றதா என்பதுதான் கணக்கு. நல்ல டிஸ்கைக் கேபிளுக்காகத் தூக்கிப் போட்டவர்கள் நிறையப் பேர்.

எஸ்எம்பிஎஸ் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற பாகங்களின் குற்றமெல்லாம் இதன் தலையிலும் இதன் குற்றமெல்லாம் மற்ற பாகங்களின் தலையிலும் விழும். கேம் ஆடும்போதோ வீடியோ ரெண்டர் செய்யும்போதோ, அதாவது சுமை ஏறும் நேரத்தில், நீலத் திரைகூட வராமல் சட்டென்று அணைந்து மறுபடி கிளம்புகிறது என்றால் இது முக்கியச் சந்தேகம். விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று ஒரு பதிவு இருக்கும், அதைப் பார்த்தவுடன் "பவர் என்று போட்டிருக்கிறதே" என்று எஸ்எம்பிஎஸ் வாங்கிவிடுகிறார்கள். அந்தப் பதிவுக்கு, முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றது என்பதற்கு மேல் அர்த்தம் இல்லை. நீங்களே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அது வரும்.

மல்டிமீட்டர் இருந்தால் மஞ்சள் ஒயரில் 11.4லிருந்து 12.6 வோல்ட்டுக்குள்ளும், சிவப்பில் 4.75லிருந்து 5.25க்குள்ளும் இருக்க வேண்டும், அதாவது முன்னே பின்னே 5 சதவீதம். புது எஸ்எம்பிஎஸ்களில் எல்லா ஒயரும் கறுப்பாகவே வருவதால் நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது, கனெக்டரில் எந்த ஊசி என்று படம் பார்த்துத்தான் அளக்க வேண்டும். வெளியே தள்ளிப்போனால் நிச்சயம் கோளாறு. உள்ளே இருந்தால் நல்லது என்று சொல்லிவிட முடியாது, சும்மா இருக்கும்போது 12 காட்டிவிட்டுச் சுமை ஏறியதும் விழுந்துவிடும். நம்பிக்கையான சோதனை ஒன்றுதான்: நன்றாக ஓடுகிற வேறு எஸ்எம்பிஎஸ்ஸைக் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பது. அப்படி மாட்டும்போது அதன் கேபிள்களோடு சேர்த்தே வாங்குங்கள். கழற்றி மாட்டும் வகையில் எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனை எப்படி இருக்க வேண்டும் என்று பொதுவான விதி கிடையாது, ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடலுக்குள்ளேயே மாறும். பழைய கேபிள் புதியதில் அழகாகப் பொருந்தி, 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் டிஸ்க் புகைந்துவிடும். எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் திறக்காதீர்கள். மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் ஆளைத் தூக்கியடிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

திரையில் கோடுகள், புள்ளிகள், நிறச் சிதறல் வந்தால் மானிட்டர் கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டு, கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு, மானிட்டரைப் போர்டில் இருக்கும் வீடியோ போர்ட்டில் இணைத்துப் பாருங்கள். பிராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருந்தால்தான் இது நடக்கும். இன்டெல்லில் பெயர் எஃப் என்று முடிந்தாலும், ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசையில் பெயரின் கடைசியில் ஜி இல்லாவிட்டாலும் படம் வராது. அதைப் பார்த்துவிட்டுப் போர்டும் போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம்.

மதர்போர்டை நேரடியாகச் சோதிக்க வழி இல்லை, மற்ற எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சுவது அது. 1999லிருந்து 2007 வாக்கில் தயாரான போர்டுகளில் தரமில்லாத கெபாசிட்டர்கள் மேல் பக்கம் உப்பி, வெடித்து, திரவம் கசிந்து போர்டைச் சாகடித்தன. இப்போதைய போர்டுகளில் பெரும்பாலும் திட வகைக் கெபாசிட்டர்கள் இருப்பதால் கண்ணால் பார்த்து எதுவும் தெரியாமல் போகலாம். போர்டின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு குட்டி விளக்கு இருக்கிறதா பாருங்கள். எதில் நின்று எரிகிறதோ அங்கே தேட ஆரம்பிக்கலாம்.

பிராசசர் தானாகப் போவது அபூர்வம். ஒரு விதிவிலக்கு உண்டு. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் பலவற்றில் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய் நாளடைவில் நிலைகுலைந்தன. 2024 ஆகஸ்டில் அதற்கு மைக்ரோகோட் (பிராசசருக்குள் ஓடும் அடிப்படை நிரல்) திருத்தம் பயாஸ் அப்டேட்டாக வந்தது, அதற்கு முன்பே அந்தப் பிராசசர்களுக்கு வாரன்டியை இரண்டு வருடம் கூட்டியும் கொடுத்தார்கள். திருத்தம் மேற்கொண்டு கெடாமல் தடுக்கும், ஏற்கெனவே கெட்டதைத் திருப்பித் தராது. அந்த வரிசைப் பிராசசர் வைத்திருந்து கேம்கள் காரணமில்லாமல் நின்றால் பாகம் வாங்காமல் வாரன்டி கேளுங்கள்.

கூட வரும் பாகம், கூட வராத பாகம்

இப்போது போனது எது என்று தெரிந்துவிட்டது. இனி அந்தப் பாகம் எந்தக் கட்சி என்று பாருங்கள்.

எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்), எஸ்எம்பிஎஸ், கேபினட், ஃபேன், இவையெல்லாம் அடுத்த கம்ப்யூட்டருக்கும் வரும். யோசிக்காமல் நல்லதாகவே வாங்கலாம். ஹார்ட் டிஸ்க் போயிருந்தால் கம்ப்யூட்டருக்கு எத்தனை வயதானாலும் அதற்குப் பதில் சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள். பழைய கம்ப்யூட்டர் ஓரளவு புதுசு மாதிரி ஓடும், நாளைக்கு அதையே கழற்றிப் புதியதில் இரண்டாவது டிஸ்காகப் போடலாம். என்விஎம்இ என்ற இன்னும் வேகமான எஸ்எஸ்டி வகையை வாங்கும் முன் மட்டும் போர்டு அதிலிருந்து பூட் ஆகுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பழைய போர்டுகளில் அடாப்டர் போட்டு மாட்டினாலும் பயாஸுக்கு அது கண்ணிலேயே படாது.

எஸ்எம்பிஎஸ்ஸில் சிக்கனம் பார்க்காதீர்கள், பழையதும் வாங்காதீர்கள். இந்த ஒரு பாகம்தான் சாகும்போது தனியாகச் சாகாமல் மற்றதையும் கூட்டிக்கொண்டு போகக்கூடியது. நல்லவற்றுக்கு 5லிருந்து 10 வருடம் வரை வாரன்டி தருகிறார்கள். ஆனால் தயாராக விற்கப்படும் பிராண்டட் டெஸ்க்டாப்பாக இருந்தால் முதலில் உள்ளே பாருங்கள். பல மாடல்களில் எஸ்எம்பிஎஸ்ஸின் அளவும் வேறு, போர்டுக்குப் போகும் கனெக்டரும் வேறு, வழக்கமான 24 பின் இருக்காது. அந்த மாடலுக்கென்றே வரும் எஸ்எம்பிஎஸ் கூட வரும் கட்சி இல்லை. அதற்குப் பெரிய செலவு செய்யத் தேவையில்லை.

கிராபிக்ஸ் கார்டு கூட வரும், ஆனால் இரண்டு கிளைச் செலவை இழுக்கும்: எஸ்எம்பிஎஸ்ஸின் வாட் போதுமா, கேபினட்டுக்குள் நீளம் கொள்ளுமா. பழைய பிசிஐஇ ஸ்லாட்டில் (போர்டில் கார்டு மாட்டும் இடம்) புதுக் கார்டு வேலை செய்யும், அதில் சந்தேகமில்லை. ஆனால் விலை குறைந்த சில கார்டுகளில் லேன்களை, அதாவது தகவல் போய்வரும் பாதைகளை, குறைத்துவிடுகிறார்கள். ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியில் நான்கே லேன், அதைப் பிசிஐஇ 3 என்ற பழைய தலைமுறை ஸ்லாட் உள்ள போர்டில் போட்டால் சில கேம்களில் வேகம் நன்றாகவே அடிபடும். பழைய கம்ப்யூட்டருக்கு என்று வாங்கப்படும் கார்டு பழைய கம்ப்யூட்டரில்தான் தடுமாறுகிறது, என்ன சொல்ல!

ரேம் நடுவில் நிற்கிறது. டிடிஆர் 3, 4, 5 என்ற மூன்று தலைமுறை ரேமுக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றை இன்னொன்றின் ஸ்லாட்டில் போட முடியாது. டிடிஆர் 3 அடுத்த கம்ப்யூட்டருக்கு வராது. ஆனால் ரேம் தேய்ந்து போகும் பொருள் இல்லை என்பதால் பழையதே வாங்கலாம், மெம்டெஸ்ட் ஓட்டிப் பார்த்துவிட்டு வைத்துக்கொள்ளலாம். டிடிஆர் 4, ஏஎம்டி பிராசசர்களுக்கான ஏஎம் 4 சாக்கெட் (பிராசசர் உட்காரும் இடம்) உள்ள போர்டுகளுக்கும் இன்டெல்லின் 12லிருந்து 14ஆம் தலைமுறை வரை சில போர்டுகளுக்கும் வரும், ஏஎம்டியின் அடுத்த சாக்கெட்டான ஏஎம் 5க்கு வரவே வராது. வாங்கும் முன் பழைய ரேமின் வாரன்டியைப் பாருங்கள், பெயருள்ள நிறுவனங்கள் பல ஆயுள் வாரன்டி தருகின்றன, நிறையப் பேர் அதைக் கேட்பதே இல்லை. 2025 கடைசியில் டேட்டா சென்டர்களுக்காக மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. அதனால் "எல்லாத்தையும் மாத்திடலாம்" என்று கிளம்பும் முன் கையில் இருக்கும் நல்ல ரேமையும் கணக்கில் சேருங்கள், அதை அப்படியே பயன்படுத்த முடிகிற போர்டு கிடைத்தால் அது லாபம்.

மதர்போர்டுதான் மூச்சு வாங்க வைக்கும் இடம். அதே சாக்கெட்டில் புதுப் போர்டு தயாராவது சில வருடங்களில் நின்றுவிடும். கிடைப்பது யாரோ கழற்றிய பழையது, அது எத்தனை வருடம் எந்தச் சூட்டில் ஓடியது என்று ஒருவருக்கும் தெரியாது. புதுத் தலைமுறைப் போர்டு வாங்கினால் பிராசசர் பொருந்தாது, பிராசசர் மாற்றினால் ரேம் பொருந்தாமல் போகலாம். புடவைக்குப் பொருத்தமாக ரவிக்கை தேடப் போய்ப் பீரோவையே மாற்றின கதைதான். அதனால் பழைய சாக்கெட்டில் போர்டு போனால் என் முடிவு இது: பழைய போர்டு சல்லிசாகவும் திருப்பிக் கொடுக்கும் வசதியோடும் கிடைத்தால் ஒரு தடவை முயற்சி செய்யலாம், இல்லாவிட்டால் போர்டு, பிராசசர், ரேம் மூன்றையும் ஒரு செட்டாக மாற்ற வேண்டும். மிச்சமெல்லாம் பழையதே இருக்கட்டும்.

ஏஎம் 4 வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் அதிர்ஷ்டம். 2017 வாக்கில் வந்த முதல் போர்டுகள் பலவற்றில்கூட பயாஸ் அப்டேட் செய்தால் ரைசன் 5000 ஓடும். அப்டேட்டைப் பழைய பிராசசர் இருக்கும்போதே செய்துவிடுங்கள், புதியதை மாட்டிய பிறகு செய்யலாம் என்று நினைத்தால் திரையே வராது.

நிறுத்திக்கொள்ள வேண்டிய இடம்

மாற்ற வேண்டிய பாகத்தின் விலையை மட்டும் பார்க்காமல், அது இழுத்துக்கொண்டு வரும் கூட வராத பாகங்களின் விலையையும் கூட்டுங்கள். அந்தத் தொகை, இதே அளவு திறன் உள்ள ஒரு முழு கம்ப்யூட்டர் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் விலையில் பாதியைத் தாண்டினால் நான் நிறுத்திவிடுவேன். புது கம்ப்யூட்டர் விலையோடு ஒப்பிடாதீர்கள், அப்படிப் பார்த்தால் எந்த ரிப்பேரும் மலிவாகத்தான் தெரியும். கூட வரும் பாகங்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது செலவு இல்லை, முன்கூட்டியே வாங்கியது.

குறுகிய காலத்தில் இரண்டாவது பாகமும் போனால் வயதாகிவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் எஸ்எம்பிஎஸ்ஸையும் வீட்டு மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தையும் சந்தேகப்படுங்கள். காரணத்தைப் பிடிக்காமல் போட்ட மூன்றாவது பாகமும் அதே வழியில் போகும்.

இன்னொரு எல்லைக்கோடு விண்டோஸ். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பிராசசர் பெரும்பாலும் இன்டெல் 8ஆம் தலைமுறையாகவோ ரைசன் 2000 வரிசையாகவோ அதற்குப் பிந்தையதாகவோ இருக்க வேண்டும். இதற்குக் கீழே இருக்கும் கம்ப்யூட்டருக்குப் போர்டோ பிராசசரோ வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை, லினக்ஸ் போட்டு ஓட்டுவதாக இருந்தால் வேறு விஷயம். எஸ்எஸ்டியும் ரேமும் நன்றாக இருக்கும் பத்து வருடக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் சுகமாக ஓடும்.

போர்டை மாற்றுவது என்றே முடிவானால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. டிஸ்க் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டால் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள், விண்டோஸ் 11 பல கம்ப்யூட்டர்களில் கேட்காமலே பூட்டி வைத்திருக்கும். பழைய போர்டின் டிபிஎம்மோடு அந்தப் பூட்டு கட்டப்பட்டிருப்பதால் புதுப் போர்டில் மாட்டியதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறது என்றால் இப்போதே அதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். ஏற்கெனவே நின்றுவிட்டது என்றால் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று போனில் பார்த்துவிட்டு, அப்புறம் ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள்.